இரண்டு பொத்தான்கள்

வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவே இருப்பதைக் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டபோது, 1967-இல் டேட்டாமேஷன் இதழில் ஆஷர் ஓப்லர் 'ஃபர்ம்வேர்' என்று எழுதினார். அவர் மனதில் இருந்தவை பெரிய கணினிகளின் செயலிக்குள் இருக்கும் நுண்கட்டளைகள். இன்று அந்தச் சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது. வாஷிங் மெஷினில், வைஃபை ரவுட்டரில், செட்டாப் பாக்ஸில், போனில் அணைக்கிற பல்பில்கூட ஒரு ஃபர்ம்வேர் ஓடிக்கொண்டிருக்கிறது. கரன்ட் வந்ததும் விழித்து, தான் யார், என்ன செய்ய வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்று அந்தப் பொருளுக்குச் சொல்வது அதுதான். தமிழில் நிலைப்பொருள் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை அழித்துவிட்டு வேறொன்றை எழுத முடியும். யார் எழுதுவது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் நாம் எழுதுவதில்லை. பொருளை வாங்குகிறோம், அதற்குள் கம்பெனி எழுதி வைத்தது அப்படியே இருக்கிறது. 'யாரிடம் பேச வேண்டும்' என்ற இடத்தில் அந்தக் கம்பெனியின் சர்வர் முகவரி இருக்கிறது. சர்வர் இருக்கும்வரை விளக்கு எரியும். அமெரிக்காவில் ரிவால்வ் என்றொரு பெட்டி விற்றார்கள். விலை 300 டாலர். வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் இணைக்கும் பெட்டி. அந்தக் கம்பெனியை நெஸ்ட் வாங்கியது; 2016 மே மாதம் சர்வரை அணைத்தார்கள். பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை, ஆனால் அதோடு பேச எதிர்முனையில் யாரும் இல்லை. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் சாதனங்களை வைத்திருந்தவர்களுக்கும் இதே கதைதான். முன்னறிவிப்பு இல்லாமல் ஒருநாள் சர்வர்கள் நின்றுபோயின.

எங்கள் வீட்டில் சின்ன அளவில் இது நடந்தது. அம்மாவுக்காக வாசல் லைட்டுக்கு ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கி மாட்டியிருந்தோம். இருட்டியதும் தானாக எரியும். ஒன்றரை வருடத்தில் அந்த ஆப் நின்றது. பிளக்கை அம்மா கழற்றி, பழைய சாவிகளும் தீர்ந்த பேட்டரிகளும் கிடக்கும் டிராயருக்குள் போட்டாள். "நம்ம வீட்டு லைட்டப் போட எவன்ட்டயோ கேக்கணுமாக்கும்" என்றாள். பழையபடி சுவிட்சுக்குத் திரும்பிவிட்டாள்.

*

இந்தப் பொருட்களில் நிறையவற்றுக்குள் இருந்த சில்லு ஒன்றுதான். ஷாங்காயில் இருக்கும் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266. 2014-இல் அது பொழுதுபோக்குக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் கைக்கு வந்தது. விரல் அகலப் பலகையில் வைஃபையோடு ஒரு குட்டிக் கணினி. 2016-இல் அதன் தம்பி இஎஸ்பி32 வந்தது. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சில்லு ஒன்றே என்றால் அதற்குள் நமக்கு வேண்டியதை எழுதலாமே என்று உலகம் முழுக்க ஆட்கள் கிளம்பினார்கள். நெதர்லாந்தின் தியோ அரெண்ட்ஸ் எழுதிய டாஸ்மோட்டா அப்படி வந்தது. பிறகு இஎஸ்பிஹோம். இவை எதுவும் கம்பெனி சர்வரைத் தேடிப் போகாது. வீட்டு வைஃபைக்குள்ளேயே வேலை செய்யும்.

உள்ளே ஏற்றுவதுதான் பாடு. பிளக்கைத் திறந்து, சாக்கெட்டில் இருந்து கண்டிப்பாகக் கழற்றிவிட்டு, பலகையில் நான்கு புள்ளிகளில் ஒயர் பற்றவைக்க வேண்டும். 3.3 வோல்ட்டைத் தாண்டினால் சில்லு போய்விடும். ஒரு காலைத் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே கரன்ட் கொடுத்தால்தான் அது புது ஃபர்ம்வேரை வாங்கும் நிலைக்குப் போகும். கணினியில் பைதான் இருக்க வேண்டும், அதில் இஎஸ்பிடூல் இருக்க வேண்டும், டிரைவர் இருக்க வேண்டும், கறுப்புத் திரையில் எந்த முகவரியில் எந்தக் கோப்பு என்று தட்டச்சு செய்ய வேண்டும். தெரிந்தவர்களுக்கு அரைமணி நேர வேலை. தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பழைய கடிகாரம் ரிப்பேருக்குக் கொடுத்த மாதிரி.

2021 மார்ச்சில் குரோம் 89 வந்தது. அதில் வெப் சீரியல் என்ற வசதியைத் திறந்துவிட்டார்கள். ஒரு இணையப் பக்கம், யூஎஸ்பியில் செருகிய கருவியோடு நேரடியாகப் பேசலாம். அதே ஆண்டு ஹோம் அசிஸ்டன்டை உருவாக்கிய பவுலஸ் ஸ்ஹவுட்சன் தரப்பில் இருந்து இஎஸ்பி வெப் டூல்ஸ் வந்தது. ஃபர்ம்வேர் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் சின்னப் பட்டியலை எழுதிவைத்து, பக்கத்தில் ஒரு பொத்தானைப் போட்டால் போதும். படிக்கிறவர் பலகையைச் செருகுகிறார், பொத்தானை அமுக்குகிறார், குரோம் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து 'எந்தக் கருவி?' என்று கேட்கிறது, தேர்ந்தெடுக்கிறார். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஃபர்ம்வேர் ஏறிவிடுகிறது. பைதான் வேண்டாம், கறுப்புத் திரை வேண்டாம்.

இதை எல்லோரும் வரவேற்கவில்லை. பிரவுசர் என்பது கம்பி போட்ட ஜன்னல். எந்தத் தளத்துக்குப் போனாலும் அது வீட்டுச் சாமான்களைத் தொடக்கூடாது என்பதே அதுவரை இருந்த ஒழுங்கு. ஆப்பிள் 2020-இலேயே இந்த வசதியை சஃபாரியில் சேர்க்க மாட்டோம் என்ற பட்டியலில் வைத்தது. மொசில்லாவும் பல ஆண்டுகள் எதிர்த்தது. 'அனுமதிக்கிறீர்களா' என்று கேட்டால் மக்கள் ஆம் என்று அமுக்குவார்கள், எதற்கு ஆம் என்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது என்பது எதிர்த்தவர்களின் வாதம். குரோம் சில வேலிகளைப் போட்டிருக்கிறது. பாதுகாப்பான இணைப்பு உள்ள பக்கமாக இருக்க வேண்டும்; ஆளே கைப்பட அமுக்கினால்தான் பெட்டி திறக்கும்; நாம் காட்டிய கருவியைத் தவிர வேறெதையும் பக்கம் பார்க்க முடியாது. ஆனாலும் மொசில்லாவின் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. சாம்பல் பெட்டி 'எந்தக் கருவி' என்று மட்டும்தான் கேட்கிறது. ஏறப்போகும் ஃபர்ம்வேர் யாரிடம் பேசப்போகிறது என்று அது கேட்பதில்லை.

*

எங்கள் ஊர் கரிசல்காட்டு ஊர். அங்கே நாள்கணக்கை நல்ல தண்ணியை வைத்துத்தான் சொல்வார்கள். நல்ல தண்ணி கீழே தொட்டியில். புழங்குவதற்குப் போர் தண்ணி, மோட்டார் போட்டு மொட்டைமாடி டேங்குக்கு ஏற்ற வேண்டும். டேங்க் ரொம்பிவிட்டதா என்று பார்க்க அம்மா மாடியேறுவாள். இரண்டு வருடத்துக்கு முன்பு வழிந்த தண்ணீரில் கடைசிப் படியில் வழுக்கி மணிக்கட்டு பிசகியது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா இல்லாத வீடு. நான் சென்னையில், அண்ணன் துபாயில்.

டேங்குக்கு ஒரு கருவி செய்வதாக நான் சொன்னேன். மூடியில் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். கார் பின்னால் எடுக்கும்போது பீப் பீப் என்று கத்துமே, அந்த ஜாதி. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, தண்ணீரில் பட்டுத் திரும்பிவர எத்தனை நேரம் ஆகிறது என்று அளக்கும். ஒரு மீட்டர் கீழே தண்ணீர் இருந்தால் போய்வர ஏறக்குறைய 6 மில்லிசெகண்ட். அந்தக் கணக்கை இஎஸ்பி32 செய்யும். டேங்க் நிறையப்போகும்போது மாடிப்படி அறையில் ஒரு பஸ்ஸர் கத்தும். மோட்டாரை அணைப்பது அம்மாவின் கைதான். ஒரு ஹெச்பி மோட்டாரை இந்தச் சின்னப் பலகையின் ரிலேயில் நேராகக் கோக்கக்கூடாது.

ஊருக்கு அனுப்பும் முன் என் வாடகை வீட்டில் சோதித்தேன். மாடி போர்ஷனுக்குத் தனியாக 500 லிட்டர் டேங்க். ஒரு வாரம் நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தைப் பதிவு செய்து, வரைபடமாகப் பார்த்தேன். அந்த அளவு டேங்கில் ஒரு வாளி தண்ணீர் இறங்கினால் மட்டம் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் குறையும். காலை ஏழேகாலுக்குப் பெரிய பள்ளம், குளியல். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தது ஒரு நீண்ட சரிவு. இரவு இரண்டு மணிக்குச் சின்னதாக ஒரு படி. புதன்கிழமை தோழி வந்து தங்கியது, காலையில் இரண்டு பள்ளங்களாகத் தெரிந்தது. தண்ணீரை அளக்கப் போய் ஒரு மனுஷியின் ஒரு வாரம் அப்படியே வந்திருந்தது. கேமரா இருந்திருந்தால்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது.

வரைபடத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். அவன் அன்றைக்கே கூப்பிட்டான்.

"இது அம்மா வீட்ல இருந்து எனக்கு வர்ற மாதிரி பண்ண முடியுமா?"

"முடியும்."

"காலையில ஏழு மணிக்குள்ள தண்ணி இறங்கலேன்னா எனக்கு ஒரு அலாரம் வரட்டும். உடனே யாரையாவது போய்ப் பாக்கச் சொல்லலாம்ல? விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?"

இதில் தவறென்று சொல்ல ஒன்றும் இல்லை. அந்தக் கடைசிக் கேள்வி என் தலைக்குள்ளும் இருந்தது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருடைய தலைக்குள்ளும் இருக்கிறது. அம்மாவைச் சேர்த்து மூன்று பேருமாக வீடியோ காலில் பேசினோம். அண்ணன் பொறுமையாக விளக்கினான். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நான் ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கேன்னு துபாய்ல இருந்து எண்ணப்போறியா?" என்றாள். அண்ணன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

*

அம்மா 1980-களில் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். 2020 ஜனவரியில், விருப்ப ஓய்வில் போன ஏறக்குறைய 78 ஆயிரம் பிஎஸ்என்எல் ஊழியர்களில் ஒருத்தியாக வெளியே வந்தாள். அவள் சேர்ந்தபோது எங்கள் பக்கத்தில் எக்ஸ்சேஞ்ச் ஆட்டோமேட்டிக் ஆகியிருக்கவில்லை. போர்டு முன்னால் உட்கார்ந்து, ஒரு முனையை இந்தக் குழியிலும் மறுமுனையை அந்தக் குழியிலும் செருகி இணைப்பாள். டிரங்க் கால் மூன்று நிமிடக் கணக்கு. நேரம் முடிவதைச் சொல்ல வேண்டும், பேசி முடித்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கீ உண்டு. அதைத் தள்ளினால் லைனில் பேசுவது காதில் கேட்கும்.

"கடை வியாபாரம், கல்யாணப் பேச்சு, சாவு, எல்லாம் காதுல விழும். விழுந்தா விழுந்ததோட சரி. கீய மூடிரணும்." இதைச் சின்ன வயதில் இருந்து கேட்டிருக்கிறோம். ஊரில் பாதிப் பேரின் ரகசியம் அவளுக்குத் தெரியும் என்று அப்பா கிண்டல் செய்வார். ஒன்றைக்கூட அவள் எங்களிடம் சொன்னதில்லை. கேட்க முடிகிறது என்பதாலேயே கேட்கக்கூடாது என்பதை அவள் ஒரு கொள்கையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அது அவளுக்கு எட்டு மணி நேர டியூட்டியில் செய்கிற வேலை.

அன்றிரவு எனக்கு மட்டும் தனியாகப் போன் செய்தாள்.

"ஏட்டி, அவனுக்குத் தெரியும். ஒனக்கும் தெரியுமா?"

"நான் சர்வர் வச்சு, அது வழியா அனுப்புனா எனக்கும் தெரியும்."

"அனுப்பாம இருக்க வழியிருக்கா?"

"இருக்கு. வீட்டு வைஃபைக்குள்ள மட்டும் காட்டும். உன் போன்ல நீ மட்டும் பாக்கலாம்."

"அப்ப ரெண்டையும் குடு. நான் பாத்துக்கிடுதேன்."

அப்படித்தான் இரண்டு ஃபர்ம்வேர் ஆயிற்று. இஎஸ்பிஹோமில் நிரல் என்று பெரிதாக எழுத வேண்டியதில்லை. எந்தக் காலில் சென்சார், எத்தனை நொடிக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்று ஒரு பட்டியல், அவ்வளவுதான். இரண்டு பட்டியல்களுக்கும் வித்தியாசம் சில வரிகள். முதலாவதில் எம்க்யூடிடி பகுதி உண்டு: அளவை என் சர்வருக்கு அனுப்பும், அங்கிருந்து அண்ணனின் போனுக்கு. இரண்டாவதில் அது கிடையாது. பலகையே தனக்குள் ஒரு குட்டிப் பக்கத்தை வைத்திருக்கும்; வீட்டு வைஃபையில் இருப்பவர்கள் திறந்து பார்க்கலாம். அந்தப் பக்கத்தின் அலங்காரத்தை இஎஸ்பிஹோம் வழக்கமாக இணையத்தில் இருந்து எடுத்துக்கொள்ளும். அதையும் பலகைக்குள்ளேயே வைத்துவிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். நெட் போனாலும் பக்கம் திறக்கும்.

இன்னொன்றும் இருந்தது. சர்வரோடு பேசும்படி எழுதிய பலகை, 15 நிமிடம் தொடர்பு கிடைக்காவிட்டால் தன்னைத்தானே அணைத்து மறுபடி தொடங்கும். இஎஸ்பிஹோமில் வழக்கமான ஏற்பாடு அது. தொடர்பு இல்லையென்றால் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று அது நினைத்துக்கொள்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "கால் மணி நேரம் யாரும் பேசலன்னா செத்துப் பொழைக்குமாக்கும்?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தாள். இரண்டாவது வகையில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டதால் அந்தக் கவலையும் அதற்கு இல்லை.

ஒரு பக்கம் செய்தேன். தமிழில் இரண்டு பொத்தான்கள். 'அண்ணனுக்கும் எனக்கும் தெரியும்.' 'வீட்டுக்குள் மட்டும்.' ஒவ்வொன்றின் கீழும் என்ன போகும், எங்கே போகும் என்று இரண்டு வரி. பலகையில் எதையும் ஏற்றாமல் கூரியரில் அனுப்பினேன். எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி சென்சாரை டேங்க் மூடியில் பொருத்தி, ஒயரைப் படி அறைக்கு இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

*

அண்ணனின் பழைய லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டாள். பொத்தானை அமுக்கினாள். சாம்பல் பெட்டி வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"காலியா இருக்கு."

"என்ன கேபிள் அது?"

"போன் சார்ஜ் போடுவேம்லா, அது."

சில சார்ஜர் கேபிளுக்குள் கரன்டுக்கான இரண்டு கம்பிதான் இருக்கும், செய்தி போகும் கம்பிகள் இருக்காது என்றேன். "அப்ப பேச்சுக்கு லைனே இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பீரோவுக்குள் எதையோ உருட்டும் சத்தம். பழைய போன் டப்பாவில் இருந்த கேபிளோடு வந்தாள். இந்தமுறை பெட்டியில் ஒரு வரி: சிபி2102 என்று தொடங்கும் நீளமான பெயர். யூஎஸ்பியையும் பலகையையும் இணைத்துவைக்கும் சில்லின் பெயர் அது.

பொத்தான்களுக்குத் தமிழில் பெயர் வைக்க முடிந்தது, அதற்குப் பிறகு வரும் பெட்டிகள் எல்லாம் ஆங்கிலம்தான். ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"முழுசா அழிக்கவான்னு கேக்கு."

"அழிம்மா."

"தப்பா எதையும் அமுக்கிட்டா வீணாப் போயிருமா?"

போகாது. புது ஃபர்ம்வேரை வாங்கிக்கொள்ளும் அடிப்படை நிரல், தயாரிக்கும்போதே சில்லுக்குள் அழிக்க முடியாத இடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. நாம் ஏற்றுவது குப்பையாக இருந்தாலும், பூட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினால் அது காதைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்றேன். அவள் நிதானமானாள். சதவீதத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். முப்பத்தெட்டு, அறுவத்தொண்ணு, தொண்ணூறு. முடிந்ததும் அதே பக்கம் வைஃபை பெயர்களைக் காட்டியது. எங்கள் வீட்டுடையதைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டைப் போட்டாள்.

எந்தப் பொத்தானை அமுக்கினாள் என்று நான் அதுவரை கேட்கவில்லை. என் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் ஆகியும் அதில் எதுவும் வரவில்லை.

"டேங்க் பாதி காட்டுது" என்றாள் அம்மா, அண்ணாச்சி வந்து மாட்டிய பிறகு மாலையில். பிறகு, நான் கேட்காமலேயே, "தெனம் காலையில ஆறு மணிக்கு நானே அவனுக்கு ஒரு ரிங் குடுக்கேன். ஆறரை வரைக்கும் வரலன்னா ஆள விடுங்க. அது போதும்" என்றாள்.

துபாயில் அப்போது அதிகாலை நாலரை. அண்ணன் முதலில் முனகினான். ஒரு மாதத்தில் பழகிவிட்டான். சில நாள் இருவரும் அரை மணி நேரம் பேசுகிறார்கள் என்று அண்ணி சொன்னார். எதைப் பற்றி என்று கேட்டேன், தெரியாது என்றார்.

கம்பெனி சர்வரில் இருந்து வீட்டை விடுவிப்பது பற்றி இந்தத் துறையில் நிறையப் பேசுகிறோம். பேச்சு நியாயமானது. ஆனால் கம்பெனியை எடுத்துவிட்ட இடத்தில் பெரும்பாலும் வீட்டில் டெக்னிக்கல் தெரிந்த ஒருவர் போய் உட்கார்ந்துகொள்கிறார். மகன், மருமகன், என்னைப்போல மகள். முன்பு ஃபர்ம்வேர் ஏற்றத் தெரிந்தவர்தான் அது யாரிடம் பேசும் என்பதையும் முடிவு செய்தார், வேறு வழியில்லை. ஒயர் பற்றவைக்கும் வேலையும் கறுப்புத் திரையும் போய் ஒரு பொத்தான் வந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த முடிவை அந்த வீட்டில் குடியிருப்பவரே எடுக்கலாம் என்பது. பொத்தான் ஒன்றாக இல்லாமல் இரண்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருடம் அம்மாவுக்கு முடியாமல் போனால், முதல் பொத்தானையும் அவளே அமுக்குவாள். பக்கத்தை நான் எடுக்கவில்லை.

*

சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டு அத்தை தங்கள் டேங்குக்கும் ஒன்று வேண்டும் என்றார். பஸ்ஸர் சத்தம் அவர்கள் வீடு வரை கேட்கிறதாம். ரிச்சி தெருவில் இருந்து நான் கூடுதலாக ஒரு பலகை வாங்கி வந்திருந்தேன். பக்கத்தில் அவர்களுக்காகப் பெயரையும், கோயம்புத்தூரில் இருக்கும் அவர் மகனுக்குப் போகும்படி ஓரிரு வரிகளையும் மாற்றினேன். மீதியை அம்மா எடுத்துக்கொண்டாள். கேபிளைச் செருகி, லேப்டாப்பை அத்தை பக்கம் திருப்பி, இரண்டு பொத்தான்களின் கீழே இருந்ததையும் வாசித்துக் காட்டினாள். தண்ணி இறங்கினால் என்னென்ன தெரியும் என்பதையும் ஒளிவில்லாமல் சொன்னாள். ராத்திரி எழுந்திருப்பது உட்பட.

"எது வேணும்னு நீங்க சொல்லுங்க மதினி. எப்பன்னாலும் மாத்திக்கிடலாம்."

அத்தை யோசிக்கவே இல்லை.

"எம்பையனுக்குத் தெரியட்டும் மதினி. தண்ணி இறங்கலன்னாவாவது ஒரு போன் பண்ணுவாம்லா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மவுஸை அத்தையின் கைக்குள் வைத்து, முதல் பொத்தான் இருக்கும் இடத்தைக் காட்டினாள்.